சாக்குக்கு இரண்டு கிலோ

ஆல்டோவுக்கு எண்ணூறு சீசீ.
முந்நூறு கிலோவுக்கு மேல் கட்டி இழுத்தால்
கார் முதலில் முனகும், அப்புறம் முனகாது
என்றான் கராஜ்கார முபீன்.
முந்நூறு என்றால் முந்நூறு அண்ணே,
முந்நூற்றிப் பத்து இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தியத்தலாவை ரோட்டில்
உபாலி பாஸின் பட்டறைக்குப் போனோம்.
பனிமூட்டத்தில் ட்ரெய்லர்கள்
மாடு அவிழ்த்த வண்டிகளாய்
மூக்கைத் தரையில் ஊன்றி நின்றன.

கமலவேணிக்குப் பிடித்தது வெள்ளை.
உள்ளே நிமிர்ந்து நிற்கலாம்,
கை கழுவ ஒரு தொட்டி,
ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை.
போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.
வெகுநேரம் வரவில்லை.
எண்ணூற்று நாற்பது கிலோ.
"இத இழுக்க, கார வித்து லொறி வாங்கணும்"
திரைக்கு வெளியே நின்று சொன்னேன்.
திரை அசைந்தது. அவ்வளவுதான்.

மூலையில் இன்னொன்று,
தகரக் குவியலுக்குப் பின்னால்,
பலாக்கொட்டை வடிவத்தில்.
ஏழடி நீளம், ஐந்தடி அகலம்.
படுக்கலாம். உட்காரலாம், தலை குனிந்து.
பின்பலகையைத் தூக்கினால் அடுப்படி,
மழை வந்தால் அதே பலகை கூரை.
எங்கள் லயத்துக் காம்பராவில்
மூன்றில் ஒரு பங்கு தேறாது;
ஆனால் இதற்குச் சக்கரம் இருந்தது.

"இருநூறு கிலோ" என்றார் பாஸ்,
இறகின் எடையைச் சொல்கிற மாதிரி.
வெறுங்கூடா, எல்லாம் ஏற்றியா?
சிரித்தார்.
நான் டிக்கியைத் திறந்து தராசை எடுத்தேன்.

பதினாறு வருஷமாக மடுவத்தில்
கொழுந்து நிறுப்பவன்.
கேட்டு நம்புகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.
உத்தரத்தில் கொக்கியை மாட்டினேன்:
மெத்தை பதினொன்று,
காஸ் சிலிண்டரும் அடுப்பும் பதினான்கு,
நிரம்பிய தண்ணீர்க் கேன் இருபத்தொன்று
(தண்ணிக்குப் பாரமில்லையா பாஸ்?)
அரிசி, போர்வை, ஜாக்கி,
வீட்டில் விட்டுவர மாட்டேன் என்று
அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த
ரொட்டிக்கல் மூன்றரை.
ட்ரெய்லரின் மூக்கை மட்டும் தூக்கிப் பார்த்தேன்:
இருபத்தாறு.
குறைந்தால் முடக்குகளில் வாலாட்டும்,
கூடினால் கார் குந்திவிடும்.

பாஸ், வெல்லவாய இறங்குவது பெரிசில்லை.
பொத்துவில் கடலைப் பார்த்துவிட்டு
நனைந்த துணியோடு எல்ல வரைக்கும்
திரும்ப ஏறணும்.
மலை எதையும் கழிக்காது.

அப்போதுதான் கேட்டாள்,
ரொட்டிக்கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டே:
"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா?"

பாஸுக்குத் தமிழ் விளங்கும்.
தூரத்தில் எதையோ தேடப் போனார்.

கலியாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம்
அவளுடைய சாக்கும் இந்த முள்ளில்தான் தொங்கியது.
மழை நாளில் ஈரத்துக்கென்று
இன்னொரு கிலோ.
யார் கழித்தது என்று அவளும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

இருநூற்று எழுபத்தெட்டு.
முற்பணம் கொடுத்தோம்.
பாரத்தில் அவள் பேரை எழுதச் சொன்னாள்.
முகவரி என்ற இடத்தில் பேனா நின்றது.
தோட்டம், டிவிசன், லய நம்பர்,
காம்பரா நம்பர்.
கோடு போதாமல் எழுத்து ஓரத்தில் ஏறியது.

பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று
விலையில் ஆயிரத்தைந்நூறு குறைத்தாள்.
முடக்குகளில் கண்ணாடியைப் பார்த்தபடி வந்தேன்;
பலாக்கொட்டை கூடவே வந்தது,
தும்மாமல், ஆடாமல்.
பெரகலையில் ஒரு லொறிக்காரன்
ஹார்ன் அடித்துக் கைகாட்டினான்.
அவள் பதிலுக்குக் கைகாட்டினாள்.

திங்கள் காலை மடுவத்தில் மழை.
முதல் சாக்கைத் தூக்கி மாட்டினார்கள்.
முள் ஆடி அடங்கும்வரை பார்த்திருந்தேன்.
பதினெட்டு.
பதினெட்டு என்று எழுதினேன்.

சாக்குக்காரி என் முகத்தைப் பார்த்தாள்,
பிறகு முள்ளைப் பார்த்தாள்.
பெரிய கிளாக்கர் இன்னும் கேட்கவில்லை.